கூம்பு பார்க்கும் திசை

தாசில்தார் ஆபீஸ் தாளில் ஏழு நிபந்தனை.
நாலாவது என்னுடையது:
மேலத்தெருக் கூம்பு மேற்கே பார்க்கவும்,
கீழத்தெருக் கூம்பு கிழக்கே பார்க்கவும்,
மீறினால் மைக்செட்டுக்காரர் மேல் நடவடிக்கை.
கையெழுத்துப் போட்டேன்,
பேட்டை மைதீன்பிச்சை, ஒலி ஒளி.

பொட்டைக்குளத்தில் மாடன் ஒருத்தர்தான்.
பீடம் இரண்டு.
நடுவில் ஓடைப்பாலம், பாலத்தில் ஒரு வேன் போலீஸ்.
ஆடி மூன்றாம் செவ்வாய் ரெண்டு பக்கமும் கொடை.
நாளை மாற்ற எந்தத் தெருவும் சம்மதிக்கவில்லை,
மாடனை யாரும் கேட்கவில்லை.
வேறு எவனும் வரமாட்டேன் என்றதால்
ரெண்டுக்கும் நானே.
புளியமரத்தடியில் ரெண்டு ஆம்ப்ளிஃபயர்,
முதுகோடு முதுகு ஒட்டி.

மேலத்தெரு வில்லுக்குச் செண்பகவடிவு,
கொஞ்சம் ஆற்றுமணல் கலந்த குரல்.
கீழத்தெரு வில்லுக்குத் தங்கப்பழம் அண்ணாவி,
சளிக்கட்டு, கடைவாயில் சுக்கு.
ரெண்டு பேருக்கும் ஒரே கதை.
அண்ணாவி முக்கால் மணி நேரம் முந்தி.
இங்கே மாடன் தொட்டிலில் கிடக்க
அங்கே பனங்காட்டில் அவனை மறித்துவிட்டார்கள்.
பிறந்ததற்குக் குலவை,
வெட்டியதற்கு உடுக்கு.
நடுவில் இருப்பவனுக்கு மட்டும்
ரெண்டும் சேர்ந்தே கேட்கும்.

சாமக்கொடைக்குக் கொஞ்சம் முன்னால்
கரண்ட் போயிற்று.

சீரியல் லைட் மாடன் மீசையோடு அணைந்தார்.
வேனுக்குள் யாரோ டார்ச் அடித்தார்கள்.
கூம்பு செத்ததும் திசையும் செத்தது.
தங்கப்பழம் நிறுத்தவில்லை.
மைக் போனது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.
மாடனின் தங்கை தேடி வருகிற இடம் அது.
எந்தப் பனையடியில் கிடக்கிறான் என்று
ஒவ்வொரு பனையாய்க் கட்டிப்பிடித்துக் கேட்கிறாள்.
வெறும் தொண்டை.
ஓடையைத் தாண்டி வந்தது.

செண்பகவடிவு வீசுகோலை மடியில் வைத்தாள்.
குடத்தைத் தட்டப்போன கையைப் பிடித்தாள்.
"என்னம்மா, ஒம்பாட்டுக்குப் படி" என்றார்
வரி பிரிக்கிற பொன்னுலிங்கம்.
"அங்கன எழவு பாடுதாக. முடியட்டும்.
நம்ம பிள்ளை தொட்டில்லயே கெடக்கட்டும்."

மேலத்தெரு இருட்டில் உட்கார்ந்திருந்தது.
பொருமினவர்கள் உண்டு.
வேட்டியை உதறி எழுந்துபோனவர்கள் ரெண்டு பேர்.
ஒரு பொம்பளை மூக்கைச் சிந்தினாள்,
அதுவும் சளியாக இருக்கலாம்.

பதினோரு நிமிஷத்தில் கரண்ட் வந்துவிட்டது.
தெருவிளக்கு எரிந்தது, மோட்டார் ஓடிற்று,
எங்கோ ஒரு வீட்டில் மிக்சி கூட.
"பாய், நம்ம லைன் என்னாச்சு?"
"பியூஸ்" என்றேன்.
பியூஸ் என் சட்டைப்பையில் இருந்தது.
அவள் அந்தப் பனையைக் கண்டுபிடிக்கிற வரைக்கும்
அங்கேதான் இருந்தது.
இந்த ஒன்றுக்கு
எந்த நிபந்தனையிலும் இடமில்லை.

காலையில் கணக்கு.
நின்றுபோன நேரத்துக்கென்று
மேலத்தெருவில் முந்நூறு பிடித்தார்கள்.
கீழத்தெருவிலும் முந்நூறு.
அந்த ஒரு விஷயத்தில்
ரெண்டும் ஒரே ஊர்.

முந்நூறு பிடித்த அதே பொன்னுலிங்கம்
பின்னாலேயே ஓடிவந்து
ஒரு மஞ்சப்பையை நீட்டினார்.
தேங்காய் ரெண்டு, ஒரு சீப்புக் கோழிக்கூடு.
"படைக்காதது பாய்.
பூசைக்கு முன்னயே ஒமக்குன்னு எடுத்து வச்சிட்டேன்,
வீட்ல தயங்காமக் குடும்."
வாங்கிக்கொண்டேன்.
முந்நூறைப் பற்றி ரெண்டு பேரும் பேசவில்லை.

லோடு ஆட்டோவில் இடம் பத்தாது.
எப்போதும் போலக் கூம்பு ரெண்டையும்
ஒன்றின் வாய்க்குள் ஒன்றாகச் செருகினேன்.
பாலத்தில் ஏட்டையா கைகாட்டி நிறுத்தினார்.
ராத்தூக்கம் இல்லாத கண்.
நிபந்தனைத் தாளும் கையுமாய்க் கேட்டார்,
"இதுல எது மேலத்தெரு, எது கீழத்தெரு?"

"ரெண்டும் பேட்டை சார்."